மூன்றாவது வரிசை நாற்காலி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

தமிழம்மா, திண்டிவனம்

எல்லோருக்கும் வணக்கம். 2024 மே மாதத்தோடு பணி ஓய்வு பெற்றேன். முப்பத்திரண்டு வருடப் பணி. முதலில் தமிழாசிரியை, கடைசி ஏழு வருடம் தலைமையாசிரியை. நான் கேட்க வந்ததே இந்தத் தலைமையாசிரியையைப் பற்றித்தான்.

ஜனவரியில் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. போனேன். மேடையில் ஒன்பது நாற்காலிகள். எனக்கு மூன்றாவது வரிசையில், பெற்றோர்களுக்கு நடுவே இடம். வரவேற்புரையில் என் பெயர் வரவில்லை. அந்த மேடைக்குக் கூரை போட நன்கொடை கேட்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். தெரிந்து என்ன? பத்து மாதம் ஆகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, அந்த மேடையில் நான் பேசியிருக்க வேண்டிய பேச்சை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலும் இதே கதை. மருமகள் அவரைக்காயை நார் எடுக்காமல் நறுக்கினால் என் குரல் காலை வழிபாட்டு மைதானக் குரலாக மாறிவிடுகிறது. "பாட்டி, என்கிட்ட மட்டும் ஏன் மெதுவா பேசறீங்க, அம்மாகிட்ட ஏன் இப்படி?" என்று பேத்தி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

செல்போனில் தியானச் செயலி போட்டுப் பார்த்தேன். இரண்டு பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். கண்ணை மூடினால் அந்த நாற்காலிதான். "யான் எனது என்னும் செருக்கு" என்ற 346ஆம் குறளை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன்! பொருள் சொல்லத் தெரிந்தது, செய்யத் தெரியவில்லை. இதில் இன்னொரு சிக்கல். "நான் அகந்தையை விட்டுவிட்டேன்" என்று நினைத்தால், அப்படி நினைப்பவளும் அதே தலைமையாசிரியைதானே?

பழக்கத்தில் இதைச் செய்கிறவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அடுப்படியில் நின்றுகொண்டு, நான் என்ன செய்ய வேண்டும்?

துரைப்பாக்கம் ராத்திரி ஷிஃப்ட்

மேடம், சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் 10 நாள் விபாசனா தியான வகுப்பு இருக்கிறது. நான் போய் வந்தேன். காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். பேசக் கூடாது, சைகையும் கூடாது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. எனக்கு அந்த மூன்று நாளும் மனதுக்குள் பழைய மேலாளரோடு சண்டைதான். நாலாம் நாளிலிருந்து உடம்பில் தோன்றும் உணர்வுகளைக் கவனிக்கச் சொல்வார்கள். அப்போதுதான் கோபம் என்பது நெஞ்சுக்குழியில் ஒரு சூடு என்று தெரிந்தது. கதையை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் பார்த்தால் அது எழும்பி, கொஞ்ச நேரம் இருந்து, அடங்குகிறது. வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது பிடிபட்டிருக்காது. முடிந்தால் ஒருமுறை போய் வாருங்கள்.

ஸ்டியரிங்

டீச்சர், வணக்கம். நான் அரசு பஸ் டிரைவரா இருந்து ஓய்வு பெற்றவன். திண்டிவனம் - திருவண்ணாமலை ரூட்டுல, செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியா பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். நீங்களே என் வண்டியில ஏறியிருக்கலாம். எழுதற பழக்கம் கம்மி, பொறுத்துக்குங்க.

அந்த ரூட்டுல தனியார் பஸ்ஸோட எப்பவும் போட்டி. பின்னால அவன் ஹார்ன் அடிச்சா, மனசுக்குத் தெரியறதுக்கு முன்னால என் வலது காலுக்குத் தெரிஞ்சிடும். ஆக்சிலேட்டர் தானா இறங்கும். ஒருநாள் சாயந்திரம் செஞ்சி தாண்டி, அவனுக்கு வழி விடாம அழுத்திக்கிட்டே போறேன். முன்னால சைக்கிள்ல யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன். பிரேக் அடிச்சு வண்டி நின்னப்ப அவன் சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். பையன் திரும்பிக்கூடப் பார்க்காம மிதிச்சுட்டுப் போயிட்டான். எனக்குக் கை நடுக்கம் நிக்கல. கண்டக்டர் வந்து தண்ணி குடுத்தார்.

மிச்ச தூரம் பூரா ஒரே யோசனை. அந்த சீட்ல நான் இருந்தாலும் வேற டிரைவர் இருந்தாலும் அவன் ஹார்ன் அடிச்சிருப்பான். அவனுக்கு என் பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. அவன் முந்தப் பார்த்தது ஒரு பஸ்ஸை. முந்தறான்னு துடிச்சது நான். ரெண்டும் எப்ப ஒண்ணாச்சு? உங்க நாற்காலியைப் படிச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு டீச்சர்.

அன்னைக்கு டிரிப் முடிச்சு ரமணாசிரமம் போனேன். அங்க புத்தகக் கடையில "நான் யார்?" வாங்கினேன். சின்னப் புத்தகம். 1901, 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ஒருத்தர் திருவண்ணாமலை மலைமேல இருக்கற விருபாட்ச குகைக்குப் போய்க் கேட்ட கேள்வியும் பகவான் ரமண மகரிஷி குடுத்த பதிலும். பகவான் அப்ப பேசறதில்ல, எழுதித்தான் காட்டினார். பிள்ளை தென்னாற்காடு ரெவின்யூ டிபார்ட்மெண்ட்ல வேலை பார்த்தவர். நம்ம பக்கத்துல சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்த ஒருத்தர் கேட்டதுன்னு தெரிஞ்சப்ப, நாமளும் கேட்கலாம்னு ஒரு தைரியம் வந்துச்சு.

ஆனா முதல்ல நான் தப்பாத்தான் செஞ்சேன். "நான் யார், நான் யார்"னு ஜபம் மாதிரி ஆறு மாசம் சொன்னேன். ஒண்ணும் ஆகல. அது பதில் கண்டுபிடிக்கற கேள்வி இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஒரு நினைப்பு எழும்பினா "இது யாருக்கு?"ன்னு கேட்கணும். "எனக்கு"ன்னு வரும். அந்த "எனக்கு"ங்கறது எங்கேருந்து வருதுன்னு திரும்பிப் பார்க்கணும். பார்க்கற அந்த நேரத்துக்கு நினைப்பு மேல நகராது. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில என் கால் ஒரு நூல் மேல வந்திருக்கும். ரோடு தெரியும், புளியமரம் தெரியும், கண்ணாடியில அவன் வண்டி சும்மா ஒரு வண்டியாத் தெரியும். இடது பக்கம் ஒதுங்கி வழி விடுவேன். இந்தக் கணத்துல இருக்கறதுன்னு நான் அனுபவிச்சது இதுதான். இதுக்கு மேல எனக்குத் தெரியாது.

நீங்க திங்கட்கிழமை பத்து மணின்னு கேட்டீங்க. உடம்புல அது முதல்ல எங்க வருதுன்னு கண்டுபிடிங்க. எனக்கு வலது கால். உங்களுக்குக் குரல்னு நினைக்கறேன், நீங்களே எழுதியிருக்கீங்க. தொண்டை இறுகும்போதே பிடிச்சிடுங்க. கத்தி முடிச்சப்புறம் ஞாபகம் வந்தாலும் பரவாயில்ல. முதல் வருஷம் பூரா எனக்கு டிப்போவுல இறங்கினப்புறம்தான் ஞாபகமே வரும். "விட்டுட்டேன்னு நினைக்கறதும் அவதானே"ன்னு கேட்டீங்க, அதுக்கும் அதே கேள்விதான், அந்த நினைப்பு யாருக்கு? பிணம் சுடற தடியைப் புத்தகத்துல சொல்லியிருக்கு. நெருப்பைக் கிளறின தடியும் கடைசியில அதே நெருப்புலதான் போகும். அந்தக் கேள்வியும் அப்படித்தான்.

அப்புறம் அவரைக்காய். பகவான் பல வருஷம் விடியறதுக்கு முன்னாலயே எழுந்து ஆசிரமச் சமையல்கட்டுல காய் நறுக்கியிருக்கார். காய் நறுக்கற இடம் ஒண்ணும் குறைஞ்ச இடம் இல்ல டீச்சர்.

இன்னொண்ணு, இது தமிழ் டீச்சருக்குன்னே எழுதறேன். 1896 ஆகஸ்ட் கடைசியில, 16 வயசுல, பகவான் மதுரையில வீட்டை விட்டுக் கிளம்பறப்ப ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டு வந்தார். அதுல முதல் வார்த்தை "நான்". ரெண்டாவது வாக்கியத்துலேருந்து தன்னை "இது"ன்னு எழுதறார். கடைசியில கையெழுத்து போடற இடத்துல வெறும் கோடு. எனக்கு இலக்கணம் தெரியாது. நீங்க பார்த்தா இன்னும் நிறையத் தெரியும்.

செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்

அம்மா, மேலே சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. பத்து மாதமாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒரு வரியாகக் கடந்து போகிற விஷயம் இல்லை. எல்லாவற்றையும் அகந்தை என்று பேர் வைத்து உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எதுவும் தூக்கத்தைக் கெடுக்கலாம். ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தூக்கமே இல்லாத நிலையில் நேராகப் பத்து நாள் மௌனத்துக்குப் போக வேண்டாம். சிலருக்கு அங்கே துக்கம் மொத்தமாகக் கிளம்பிவிடும். உடம்பைப் பார்த்துக்கொண்டு பிறகு போங்கள்.

உங்கள் பெயரை விட்டது தவறுதான். அது வலித்ததும் நியாயம்தான்.

தமிழம்மா, திண்டிவனம்

மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். செய்து பார்க்காமல் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

செவிலியர் தங்கச்சி, ரத்தப் பரிசோதனை செய்தாயிற்று. தைராய்டுக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் கடைசி வரியைப் படித்து அழுதேன். பத்து மாதத்தில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

டிரைவர் சார், அந்தச் சீட்டைத் தேடிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. "நான்" என்று தன்மை ஒருமையில் தொடங்குகிறது, அடுத்த வாக்கியத்திலேயே அஃறிணைப் படர்க்கைக்கு மாறிவிடுகிறது. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் இட வழு, திணை வழு என்று சிவப்பு மையால் சுழித்திருப்பேன். இரண்டு நாள் அந்த "இது" என்னை விடவில்லை. இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு. வழுவாக இருந்தாலும் தக்க காரணம் இருந்தால் குற்றமில்லை என்று ஏற்றுக்கொள்வது. அதற்கு வகுப்பில் நான் சொன்ன எடுத்துக்காட்டு, பசுவை உவப்பினால் "என் அம்மை வந்தாள்" என்பது. அஃறிணையை உயர்த்துவது. தன்னையே அஃறிணையாக்கிக்கொண்ட எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

புதன்கிழமை இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மேடை வந்தது. "இது யாருக்கு" என்று கேட்டேன், "எனக்கு" என்று வந்தது. திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் வாக்கியத்தை மாற்றிப் பார்த்தேன். இது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிற்று. இது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தது. இதற்கு வலித்தது. அங்கே வந்ததும் வாக்கியம் நின்றுவிட்டது, அடுத்த வாக்கியம் வரவில்லை. மின்விசிறி சத்தம் கேட்டது. தெருவில் நாய் குரைத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மேல் முதல்முறையாக எனக்கு இரக்கம் வந்தது. பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

அடுத்த நாள் அடுப்படியில் மறுபடியும் கத்தினேன், புளிக்கரைசலுக்காக. கத்தி முடித்துத்தான் தொண்டை ஞாபகம் வந்தது. மருமகளிடம் போய், "குரல் இறுகுது, நீ பார்த்தா கையைத் தொட்டுச் சொல்லும்மா" என்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரிங்க அத்தை" என்றாள். நேற்று இரண்டு முறை தொட்டாள். ஒருமுறை நின்றது, ஒருமுறை நிற்கவில்லை. நாற்காலி இன்னும் வருகிறது, தினமும் இல்லை.

ஒரு கேள்வி. ஆசிரமத்துக்குப் போய் அந்தக் குகைவரை ஏறிப் பார்க்க ஆசை. முட்டி வலி உண்டு. கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது. எப்போது போகலாம்?

ஸ்டியரிங்

டீச்சர், பௌர்ணமி வேண்டாம், கார்த்திகை தீபம் நெருங்கும்போதும் வேண்டாம். சாதாரண நாள்ல, வெயில் ஏறறதுக்கு முன்னால. ஆசிரமம் செங்கம் ரோட்டுல இருக்கு, கிரிவலமா வந்தா அக்னி லிங்கம் தாண்டி வலது பக்கம். ஆசிரமத்துக்குப் பின்னாலேருந்து மலைமேல பாதை போகுது. முதல்ல ஸ்கந்தாசிரமம் வரும், அங்கேருந்து இறங்கினா விருபாட்ச குகை. கல் பாதை, முட்டிக்குக் கஷ்டம்தான். ஒரு கம்பு எடுத்துக்குங்க, மருமகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஏற முடியலன்னா கீழ ஹால்ல உட்கார்ந்தா போதும்.

திண்டிவனத்துல ஏறும்போது முன்பக்க சீட்டாப் பார்த்து உட்காருங்க. செஞ்சி தாண்டினதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கோட்டை மலை வரும். காலை வெயில்ல பார்க்கணும்.