பழைய ராணுவச் சாமானுக்கு எந்தப் பச்சை? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பச்சைத்தகரம்:
போன வருஷம் ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஜெரி கேன் ஒன்று, அதாவது பெட்ரோல் கொண்டுபோகும் ராணுவத் தகர கேன், சிக்கியது. பக்கவாட்டில் டபிள்யூ, டி எழுத்துகள், நடுவில் அகன்ற அம்புக்குறி (பிரிட்டிஷ் ராணுவச் சொத்து என்பதற்கான முத்திரை), கூடவே 1943. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டுக்காரன் ஜீப்பை எங்கே நிறுத்துவது? நமக்கு இதுதான் ஜீப் என்று தூக்கி வந்துவிட்டேன்.

மேலே பச்சை, அங்கங்கே உரிந்திருந்தது. சுரண்டினால் அடியில் சாக்லேட் பழுப்பு. துரு, இல்லாவிட்டால் துருவுக்கு அடித்த பூச்சு என்று நானே முடிவுகட்டி, பெயிண்ட் ரிமூவரை ஊற்றி இரும்பு மின்னும்வரை வழித்தேன். ஜாலான் புசார் கடையொன்றில் ‘ஆர்மி கிரீன்’ என்று ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்து, நாலு பேருக்குப் படமும் அனுப்பினேன்.

படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளுக்குக் காக்கிப் பச்சை எண் 3. பச்சை நிறமிக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு தட்டுப்பாடானதும், 1942இல் அடிநிறத்தையே பழுப்பாக்கிவிட்டார்கள். எஸ்சிசி 2 என்று பெயர். 1944 ஏப்ரலில்தான் எஸ்சிசி 15 என்ற ஆலிவ் நிறம் வந்தது; அமெரிக்காவிலிருந்து ஆலிவ் நிறத்திலேயே வரும் வண்டிகளுக்குத் திரும்பப் பெயிண்ட் அடிக்கிற வேலை மிச்சம் என்று கணக்கு. ஆக, 1943ஆம் வருஷத்து கேனில் நான் வழித்துக் கொட்டியது துரு இல்லை, அதன் முதல் நிறம். வயிறு எரிகிறது. இந்த மாதிரி வேறு யாருக்காவது ஆகியிருக்கிறதா?

மரவளையம்:
அவசரப்பட்டுட்டீங்க தம்பி. அந்தப் பாவத்தை நானும் பண்ணியிருக்கேன். அப்புறம் கத்துக்கிட்டது இது. ஒரு வெள்ளி நாணயம் அளவு இடம் போதும். 400 நம்பர் தண்ணி உப்புத்தாளை விரல் நுனியில சுத்தி, நடுவுல ஆழமா, ஓரத்துல மேலோட்டமா தேய்க்கணும். கடைசியா 1000 நம்பர். வெட்டின மரத்துல தெரியுற மாதிரி வளையம் வளையமா நிறம் வரும். என்னோட வெடிமருந்துப் பெட்டியில ஏழு வளையம்! நட்டநடுவுல இரும்பு, அதைச் சுத்திச் செங்காவி பிரைமர், அதுக்கு அடுத்த வளையம்தான் தொழிற்சாலையில அடிச்சது. தண்ணி இல்லாம மட்டும் தேய்க்காதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் உண்டு, அந்தத் தூள் வீட்டுக்குள்ள பறக்கக் கூடாது.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. வெயில் படாத இடத்துலதான் அசல் நிறம் இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் நம்பி, பெயர்த்தகட்டைக் கழட்டி, அடியில தெரிஞ்ச நிறத்துக்கு ஒரு லிட்டர் கலந்து வாங்கினேன். அடிச்சா கடுகு அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு. விஷயம் என்னன்னா, ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த பெயிண்ட் இருட்டுல கிடந்தா மஞ்சள் தட்டும். அதே பெட்டியை வெளிச்சத்துல வெச்சேன், நாளாக நாளாக மஞ்சள் இறங்கிப் பச்சை தெளிஞ்சுது. அந்த ஒரு லிட்டர் இன்னும் ஸ்டோர் ரூம்ல தூங்குது, யாருக்காவது வேணுமா?

வெளிப்பக்கம் இதுக்கு நேர் எதிர், வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருக்கும். ஈரத்துணியால துடைச்சு, காயறதுக்குள்ள பாருங்க. அப்புறம், புளோக் கீழ்த்தளத்துக் குழல்விளக்குல பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. அங்க அச்சு அசலா ஒத்துப்போன நிறம் வெளியில வந்ததும் வேற ஆளாயிடும்.

சின்ன டாங்கி:
நான் 1/35 மாடல் கட்சி, நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பொம்மை டாங்கி செய்கிறவன். டாமியா கம்பெனி மாடல் பெயிண்டில் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராபை அப்படியே அடித்தால் கைக்குள் அடங்குகிற டாங்கி கரித்துண்டு மாதிரி இருக்கும். எக்ஸ்எஃப்-57 என்ற வெளிர்மஞ்சள் பழுப்பைக் கொஞ்சம் சேர்த்து வெளுப்பாக்குவேன். நிஜ டாங்கியை யாரும் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பதில்லையே.

அமெரிக்க அரசின் நிறப் பட்டியலான எஃப்எஸ் 595 எண்ணில் முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். 34087 என்றால் மங்கல், 24087 என்றால் அரைப் பளபளப்பு. அவசரத்தில் இரண்டில் தொடங்குவதை வாங்கி, என் ஜீப் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல நின்றது. அந்தப் பட்டியலே 1956இல் வந்தது. 1944ஆம் வருஷத்து ஜீப்புக்கு அந்த எண்தான் வேதம் என்று சண்டைக்கு வருபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தூரிகைக்காரர் மகன்:
அப்பா செம்பவாங் பக்கம் பிரிட்டிஷ் பட்டறையில் பெயிண்டர், 1971இல் அவர்கள் கிளம்பும்வரை. பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் நிற அட்டையில் எண் 224, அந்தக் கரும்பச்சையைக் காட்டி, “இதுதானேப்பா லாரிக்கு அடிச்சீங்க?” என்றேன். சிரித்துவிட்டார். “டப்பாவுல வந்ததை அடிச்சோம். ரெண்டு டப்பா ரெண்டு விதமா இருந்தா ஒரே வாளியில ஊத்திக் கலக்குவோம். தொரைக்கு வேண்டியது பளபளப்பு, முகம் தெரியணும்.”

ஆல்பத்தில் அந்த லாரியோடு அவர் நிற்கிற கலர் படம் இருக்கிறது. நம்மூர்ப் புழுக்கத்தில் சாயம் வெளுத்து லாரி, சட்டை, வானம் எல்லாமே செம்பட்டை. அதை வைத்து நிறம் பார்க்க வழியில்லை.

நான் அடித்து முடித்த கருவிப்பெட்டியைப் பெருமையாக நீட்டினேன். நிறத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கட்டைவிரலால் மூடியை நீளவாக்கில் ஒரு தடவு தடவினார். “தூரிகை போன தடம் எங்கடா? ஸ்ப்ரே அடிச்சியா?” அதற்குமேல் என்ன சொல்ல! மறுபடியும் கழற்றி, இரண்டு அங்குலத் தூரிகையில் அடித்தேன்.

முன்னாள் கார்ப்பரல்:
தேசிய சேவையில் ஒவ்வொரு ஆய்வுக்கும் முந்தின ராத்திரி ஒரு கோட் அடிப்போம், அழுக்கோடு சேர்த்து. வளையம் எண்ணுகிறவர்கள் எத்தனை அதிகாரி வந்து போனார் என்றும் எண்ணிக்கொள்ளலாம். 1969 தேசிய தின அணிவகுப்பில் 18 ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள் போனதை என் மாமா நேரில் பார்த்தவர். என்ன நிறம் மாமா என்றால், “டாங்கி நிறம்தான்” என்கிறார்.

பச்சைத்தகரம்:
நன்றி எல்லோருக்கும். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று கைப்பிடிகளும் உடம்போடு சேர்கிற இடுக்கில், ரிமூவர் எட்டாத இடத்தில், அரிசி அளவுக்குப் பழுப்பு மிச்சமிருக்கிறது! சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே வேப்பமரத்து நிழலில் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிடப் போகிறேன்.

மரவளையம்:
மரத்தடி வேண்டாம் தம்பி, இலைப்பச்சை அதுமேல விழும். புளோக் சுவர் நிழல்ல வையுங்க.