ராமாவும் அதன் மூன்று வால்களும்: உங்கள் அனுபவம் என்ன?

நானுஓயாக்காரன்:
ஒரு வாரமாக அடைமழை. ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராமாவுடன் சந்திப்பு' நாவலை மறுபடி எடுத்தேன். ஏ.எல். படித்த காலத்தில் நுவரெலியாவில் பழைய புத்தகமாக வாங்கிய இங்கிலீஷ் பிரதி. "என்னா புத்தகம்டா?" என்று அம்மா கேட்டபோது "ராமா" என்றேன். சீதாஎலிய கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிறவர், வாங்கிக் கண்ணில் ஒற்றி சாமித்தட்டில் வைத்துவிட்டார். விளக்கெண்ணெய்க் கறை அட்டையில் இன்னும் இருக்கிறது.

அம்மா முழுக்கத் தப்பும் இல்லை. கிரேக்க, ரோமப் பெயர்கள் தீர்ந்துபோய் வானியலாளர்கள் இந்துக் கடவுள்களிடம் வந்து சேர்ந்த காலம் அது என்கிறது கதை. 2131-ல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் உருளை வடிவ விண்கலத்துக்கு அப்படித்தான் ராமா என்று பேர். 50 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் அகலம், உள்ளே வளையமாக ஒரு கடல், முதலில் உறைந்து கிடக்கும்.

என்னைப் பிடித்துக்கொண்டது படிக்கட்டுதான். ராமாவை ஆராயப் போகும் விண்வெளி வீரர்கள் கும்மிருட்டில் இறங்குகிறார்கள். உருளை சுழல்வதால் நடு அச்சில் எடையே இல்லை, இறங்க இறங்க உடம்பு கனக்கிறது. திரும்பி ஏறும்போது படிக்குப் படி இலேசாகும். அதை வாசித்த சீசனில்தான் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாத மலை ஏறினேன். இன்னும் கொஞ்சம் ஏறினால் மிதப்பேன் என்று சொல்லிக்கொண்டே ஏறியும் முட்டி கழன்றதுதான் மிச்சம்.

ராமாவைக் கட்டியது யார் என்று கடைசிவரை தெரியாது. வந்தது, சூரியனிடம் சக்தி எடுத்தது, போய்விட்டது. நம்மை ஏறெடுத்தும் பார்க்கவில்லை! ராமாவைச் செய்தவர்களுக்கு எல்லாமே மூன்று மூன்று என்று கடைசி வரியில் ஒரு கொக்கி மட்டும் உண்டு. தொடர்ச்சி எழுதும் எண்ணத்தில் போட்டதல்ல என்று கிளார்க்கே பிறகு சொன்னார். ஆனாலும் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து 1989, 1991, 1993 என்று மூன்று பாகம் வந்தன. இந்த மழையில் அவற்றையும் முடித்தேன். 1973-ல் வந்த முதல் புத்தகத்தில் நாம் ராமாவைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இவற்றில் ராமாவுக்குள் உட்கார்ந்து குடும்பக் கதை கேட்கிறோம். நாயகியின் நாட்குறிப்பு, பிரசவம், பிள்ளைகள், ஆட்சியைப் பிடிக்கும் சண்டியன். எங்கள் தோட்டத்துத் தலைவர் தேர்தலே இதைவிட விறுவிறுப்பு. நாலாவதில் எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்துவிடுகிறது, கடவுள் வரைக்கும்.

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, இரண்டாவது பாகத்தை நானும் பாதியில் வைத்தேன். மூன்றாவதை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. அதன் பேர் 'ராமாவின் தோட்டம்'. தோட்டம் என்றால் நமக்கு வேறு ஞாபகம் வருமே! 2000 பேரைக் கப்பலில் ஏற்றி, வேறு யாரோ கட்டிவைத்த இடத்தில் இறக்குகிறார்கள். மேலே இருந்து கணக்குப் பார்க்கிற துரை யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டிக் கூட்டிவந்த கதையை எங்கள் அப்பாயி சொல்லிச் சொல்லிக் கேட்டவள் நான். எழுத்து இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 2000 பேர் இறங்குகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

மஸ்கெலியா வாசகன்:
அண்ணே, கிளார்க் 1979-ல் எழுதிய 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' படிச்சீங்களா? மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுற கதை. எங்க சிவனொளிபாதம்தான், பேரை மட்டும் மாத்தியிருக்கார். லிஃப்டுக்காக இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி பூமத்திய ரேகையில வச்சிட்டார். வண்ணாத்திப்பூச்சிக் கூட்டம் உச்சியைத் தொட்டா மடத்துப் பிக்குகள் மலையை விட்டுப் போகணும்னு அதில ஒரு ஐதீகம் வருது. எங்க பக்கம் அந்த மஞ்சள் பூச்சிகள் மேலே போறதைப் பார்த்தா இப்பவும் எனக்கு அதுதான் ஞாபகம். அதுக்கு இரண்டாம் பாகம் கிடையாது.

நானுஓயாக்காரன்:
படிக்கல தம்பி. இருந்தா ஹட்டன் பக்கம் வரும்போது கொண்டு வாங்க. பதிலுக்கு மூன்று வாலையும் தாறேன். திருப்பித் தர வேணாம்.