நண்பர்களோடு காரில் பெங்களூரு – டெல்லி: என்.எச். 44இல் ஓட்டிப் பழகியவர்கள் எழுதுங்கள்

அல்சூர்க்காரர் தொடங்கியது:

டிசம்பர் விடுமுறை நெருங்கினாலே பெங்களூருத் தமிழ் நண்பர்கள் மத்தியில் "கார்லயே டெல்லி போயிட்டு வந்துரலாமா?" என்ற பேச்சு எழுந்துவிடும். தாராளமாகப் போகலாம். பெங்களூரின் வடக்குப் பக்கம் ஹெப்பாலில் ஏறினால் சுமார் 2,150 கிலோமீட்டர், பெரும்பாலும் என்.எச். 44தான், ஏறக்குறைய எல்லாமே நான்கு வழிச் சாலை. சாலை நன்றாக இருக்கிறதே என்று இரண்டு நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு நாள் வையுங்கள்.

முதல் நாள் காலை நாலரைக்குள் ஹெப்பால் மேம்பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். அதற்கப்புறம் ஏர்போர்ட் வண்டிகள் சேர்ந்துகொள்ளும். அனந்தபூர், கர்னூல் வழியாக ஹைதராபாத் 570 கி.மீ. ஊருக்குள் போகாமல் சம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலை ஏறி, மேட்சல் பக்கம் இறங்கி, காமாரெட்டியில் தங்கலாம். ஆட்கள் புதுத்தெம்போடு இருக்கும் நாள் என்பதால் நீண்ட தூரத்தை அன்றைக்கே வைப்பது நல்லது. இரண்டாம் நாள் நிர்மல், அதிலாபாத், நாக்பூர் தாண்டி சிவனி. மூன்றாம் நாள் சாகர், லலித்பூர், ஜான்சி. நான்காம் நாள் குவாலியர், ஆக்ரா, டெல்லி. சிவனிக்கு அப்புறம் லக்னாதோனில் ஜபல்பூர் சாலை பிரிகிறது. அங்கே நரசிங்பூர் பலகையைப் பிடிக்க வேண்டும்.

எங்கே இருக்கிறோம் என்பதற்கு ஆறுகளே நல்ல அடையாளம்: பாமிடியில் பெண்ணாறு, கர்னூலில் துங்கபத்திரை, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன் கோதாவரி, மகாராஷ்டிர எல்லையில் பெய்ன்கங்கா, பர்மானில் நர்மதை, தோல்பூர் ஓரம் சம்பல்.

பயணக் கதை வேண்டாம். எது கெடும், ஏன் கெடும், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பொம்மனஹள்ளிக்காரர்:

அண்ணே, வழியைவிட முக்கியம் எடை. எல்லாரும் இன்ஜின் ஆயில், கூலன்ட் என்று பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு 70 கிலோ என்றால் ஐந்து பேர் 350 கிலோ. ஒரு பெட்டி 12 கிலோ என்றாலும் ஐந்து பெட்டி 60 கிலோ. ஆக 410. சிறிய கார்களுக்கு இதுவே எல்லையைத் தொடும் கனம். மேலே கேரியர் போட்டு இன்னும் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். அந்த மாதிரிக் காரில் நான்கு பேர் போவதே சரி. ஐந்தாவது ஆள் கட்டாயம் என்றால் பெட்டிக்குப் பதில் துணிப்பை, ஆளுக்கு 7 கிலோ. கனமானதை டிக்கியில் பின்சீட்டை ஒட்டி, அடியில் வையுங்கள்.

டயர் காற்று: டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு அளவு போட்டிருக்கும்; ஒன்று இரண்டு மூன்று பேருக்கு, இன்னொன்று முழு பாரத்துக்கு. உதாரணத்துக்கு 33 என்றும் 36 என்றும் (காற்றழுத்த அளவான பி.எஸ்.ஐ.யில்) இருக்கலாம். முழு பார அளவைத்தான் வைக்க வேண்டும், அதுவும் காலையில் டயர் சூடாகும் முன்பு. ஓடிய பிறகு பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவதுதான் பெரிய தப்பு. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று அதிகமானதல்ல, குறைந்ததுதான். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும், அந்த மடிப்பில் சூடு ஏறும், உள்ளே அடுக்கு பிரியும், பிறகு ஒரே வெடி. நைட்ரஜன் அடித்திருந்தால் வழியில் சாதாரணக் காற்று சேர்க்கலாம், ஒன்றும் ஆகாது.

டயரின் வயது பக்கச்சுவரில் நான்கு எண்களில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை இந்தப் பயணத்துக்கு நம்பக் கூடாது. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. போதும், ஆனால் 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டெப்னிக்கும் இதே பரிசோதனை. பல கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியது, அதில் 80க்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள்.

எடையோடு சேர்ந்த இன்னொன்று ஹெட்லைட். பின்னால் பாரம் ஏறியதும் வண்டியின் மூக்கு தூக்கும், லோ பீமே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், நம் சாலையிலும் வெளிச்சம் குறையும். ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். நிறைய பேர் கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். காலி வண்டியைச் சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, 0வில் வைத்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அந்த விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. அளவு தாழ்வாக இருப்பது சரியான அளவு. பிறகு ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிவிட்டு, விளிம்பு மறுபடி அதே டேப்புக்கு இறங்கும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். பத்து நிமிட வேலை.

ஸ்ரீராமபுரத்துக்காரர்:

மேலே சொன்னதோடு வீல் நட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டயர் கடைகளில் காற்று கன்னால் முறுக்கிவிடுகிறார்கள். நடுவழியில் காரோடு வந்த சின்ன ஸ்பேனரை வைத்து ஏறி மிதித்தாலும் அசையாது. கிளம்புவதற்கு முந்தின வாரமே வீட்டு வாசலில் ஒவ்வொரு நட்டையும் கையால் தளர்த்தி மறுபடி முறுக்கிப் பாருங்கள். அலாய் வீலில் லாக் நட் இருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டெப்னி மாற்றும்போது ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும். சாலையோர மண்ணில் ஜாக்கி புதையும். அதற்காக ஓரடிக்கு ஓரடி, 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். நட்டுகளை நட்சத்திர வரிசையில் (அடுத்தடுத்து அல்லாமல் எதிரெதிராக) முறுக்குங்கள், அடுத்த 50 கி.மீ.யில் நிறுத்தி மறுபடி ஒரு முறை முறுக்குங்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாக இறங்கினால் அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். காற்று ஏற்றி அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம். நாமே போட வேண்டி வந்தால்: ஆணியை எடுத்து, ரீமரை (பஞ்சர் கிட்டில் இருக்கும் சொரசொரப்பான கம்பி) எட்டுப் பத்துத் தடவை ஏற்றி இறக்கி ஓட்டையைச் சுத்தமாக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்டிரிப்பைப் பாதிவரை ஊசியில் கோத்து, பசை தடவி, இரண்டு முனையும் இரண்டு செ.மீ. வெளியே நிற்கும்வரை அழுத்தி, சட்டென்று ஊசியை மட்டும் இழுக்க வேண்டும். மிச்சத்தை வெட்டி, காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் இந்த வேலையே வேண்டாம், ஸ்டெப்னிதான். சிகரெட் லைட்டர் பாயின்ட்டில் செருகும் காற்று பம்பை இன்ஜின் ஓடும்போதே பயன்படுத்துங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் கருகும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்:

டோல் பற்றி. 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இந்த வழிக்கு நன்றாக ஈடுகட்டும். ஓராண்டு அல்லது 200 பயணம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் காருக்கு மட்டும்தான். டேக்கில் சேசிஸ் எண் மட்டும் பதிவாகி வண்டி எண் ஏறாமல் இருந்தால் பாஸ் கிடைக்காது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இந்தப் பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளுக்குத்தான். ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, யமுனா எக்ஸ்பிரஸ்வே போன்ற மாநிலச் சாலைகளில் வழக்கம்போல டேக்கிலிருந்து பணம் போகும். எனவே பாஸ் இருந்தாலும் டேக்கில் இருப்பு வேண்டும். டேக் வேலை செய்யாவிட்டால் யு.பி.ஐ.யில் 1.25 மடங்கு கட்ட வேண்டும் என்பது 2025 நவம்பர் 15 முதல் வந்த விதி.

பெட்ரோலுக்கு ஒரு வார்த்தை. ஆந்திரா, தெலங்கானா, மத்தியப் பிரதேசம் மூன்றிலும் வரி அதிகம். பாகேபள்ளி கர்நாடகத்தின் கடைசி ஊர், அங்கே டேங்கை நிரப்புங்கள். மறுபக்கம் லலித்பூரும் ஜான்சியும் உத்தரப் பிரதேசம், விலை குறைவு. லிட்டருக்கு 14 கி.மீ. என்று வைத்தால் ஒரு வழிக்கு 154 லிட்டர், பார்த்து நிரப்பினால் மிச்சமாவது கைக்குத் தெரியும்.

அட்புளூ (புகை மாசைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்) ஊற்றும் டீசல் வண்டியா? ஐந்து லிட்டர் கேன் ஒன்று கூடவே இருக்கட்டும். அது தீர்ந்தபின் வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

கே.ஆர். புரத்துக்காரர்:

நாள் கணக்கெல்லாம் சரி. ஆனால் ராத்திரி டிராஃபிக் குறைவு, சூடும் இல்லை. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் இரவிலேயே பாதி தூரம் போய்விடலாமே?

பொம்மனஹள்ளிக்காரர்:

நண்பரே, வேண்டாம். டிராஃபிக் குறைவதால் கண் சொருகுவது கூடுகிறது. விடிகாலை 2 முதல் 5 வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும், டீயும் பாட்டும் அதை நிறுத்தாது. இடது லேனில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி, தப்பான பக்கத்தில் வரும் டூ வீலர், தெலங்கானாவில் ஒரு லேனை அடைத்துக் காயப்போட்ட மக்காச்சோளக் குவியல், அதைச் சுற்றி வைத்த கல் எல்லாம் இருட்டில் ஹெட்லைட் எல்லைக்குள் வந்த பிறகுதான் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் மழைக்கால இரவுகளில் மாடுகள் சாலை நடுவே படுத்திருக்கும். சுற்றிலும் சேறு, தார் மட்டும் காய்ந்து கிடக்கும், அதனால்தான். மகாராஷ்டிரம் தாண்டி பென்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் கடக்க அடியில் வழிவிட்டு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள், அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது.

மாலை ஏழு மணிக்கு அறைக்குப் போய்விட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டிரைவர் மாற்றம், மாறும்போது சீட்டும் மூன்று கண்ணாடியும் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும். டிரைவர் பக்கத்தில் உட்காருபவர் தூங்கக் கூடாது, தூக்கம் வந்தால் அவரும் பின்சீட்டுக்கு மாறட்டும். பின்சீட்டிலும் மூன்று பேரும் பெல்ட் போட வேண்டும். வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம், டிரைவர் கைமேலேயே விழும். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள்.

டெல்லி ஆர்.கே. புரத்துக்காரர்:

இங்கே வந்து சேரும் கடைசி நாள்தான் டிசம்பர், ஜனவரியில் கடினம். குவாலியருக்கு மேலே பனிமூட்டம். ஜான்சியிலிருந்து காலை ஒன்பதுக்கு முன் கிளம்ப வேண்டாம். மாட்டிக்கொண்டால் லோ பீம், ஃபாக் லைட், இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்து மெதுவாக. ஹை பீம் போட்டால் பனியே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஓடும் வண்டியில் ஹசார்ட் லைட் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) போடாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று புரியாது. கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போட்டு முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை காருக்கு வேக வரம்பை 100இலிருந்து 75ஆகக் குறைப்பது வழக்கம்.

இன்னொன்று காற்று மாசு. கிராப் (காற்று மாசு கூடும்போது டெல்லிப் பகுதியில் படிப்படியாக வரும் கட்டுப்பாடுகள்) மூன்றாம் நிலை அமலில் இருந்தால், புகை விதிப்படி பி.எஸ். 3 பெட்ரோல், பி.எஸ். 4 டீசல் கார்கள் டெல்லிக்குள் மட்டுமல்ல, குருகிராம், ஃபரீதாபாத், காஸியாபாத், நொய்டாவிலும் ஓடக் கூடாது. பெங்களூரில் நன்றாக ஓடும் 2018 டீசல் வண்டி இங்கே வாசலில் நிற்க வேண்டியதாகிவிடும். ஆக்ராவில் தங்கி அன்றைய நிலையைப் பாருங்கள். பி.யு.சி. (புகைப் பரிசோதனை) சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்கட்டும்.

மர்பி டவுன்காரர்:

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: செல்ஃப் டிரைவ் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைக் காரைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுத்தால் விபத்தில் இன்சூரன்ஸ் கை விரிக்கும். சொந்தக் காரானாலும், கட்டாய விபத்துக் காப்பு 15 லட்சம் உரிமையாளர்-டிரைவருக்கு மட்டுமே. மற்றவர்களுக்குப் பயணிகள் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பணம்: ஒருவர் யு.பி.ஐ.யில் எல்லாரும் முன்பணம் போட்டுவிட்டு எல்லாச் செலவும் அதிலிருந்தே. அபராதம் அந்த நேரம் ஓட்டியவருக்கு. பஞ்சர், டயர், போய்வந்த பிறகு செய்யும் சர்வீஸ் எல்லாருக்கும் பொது. கார்க்காரர் தலையில் தேய்மானத்தைக் கட்டுவதால்தான் நட்பு கசக்கிறது, கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

ஸ்ரீராமபுரத்துக்காரர்:

வண்டி நின்றுவிட்டால்: முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, ஹசார்ட் போட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் குறைந்தது 50 மீட்டரில் வையுங்கள். ஆட்கள் எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று போன் பேசுபவர்கள்தான் அடிபடுகிறார்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அழைத்து, சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள், இடம் சொல்ல அதுதான் சுலபம். காயம் என்றால் 112. ரேடியேட்டர் கொதித்திருந்தால் குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மூடிமேல் தடித்த துணி போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.

டெல்லியில் ஒரு நாள் ஓய்வு இருக்கும்தானே, அன்றைக்கே ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, ஆயில் டிப்ஸ்டிக், பிரேக் பேட் இரண்டையும் பாருங்கள். பேட் 3 மி.மீ.க்கு வந்திருந்தால் திரும்புவதற்கு முன் அங்கேயே மாற்றிவிடுங்கள்.