1970 டைப் 2 வேன்: 3ஆம் சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு

மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன், வேலை நகரவே இல்லை. வண்டி 1970 வோக்ஸ்வாகன் டைப் 2, இருப்பது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம். எஞ்சின் மார்ச்சில் உடைசல் யார்டிலிருந்து எடுத்த 1600 சிசி ஏர்கூல்டு. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில் குலுங்குகிறது, சூடானதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) மற்ற மூன்றிலும் 7 பார், 3ஆம் சிலிண்டரில் மட்டும் 4. ஆயில் கூலர் காற்றை மறைப்பதால் அதிகம் சூடாவதும் அதுதான், சரி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.15 மி.மீ. வைத்தேன், இக்னிஷன் பாயின்ட், பிளக் புதிது, டைமிங்கும் பார்த்தாயிற்று. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் கேஜ் முள் ஏறவில்லை, அதனால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம் இல்லை. அப்புறம் அந்த சிலிண்டரில் காற்று ஏற்றினால் சைலன்சர் வழியாக உஸ்ஸென்று போகிறது, அதாவது எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) சரியாக மூடவில்லை.

இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: சிலிண்டர் ஹெட்டைக் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) கழற்றி அந்த எக்ஸாஸ்ட் வால்வை மட்டும் மாற்றினால் போதுமா, ஹெட்டையே மாற்ற வேண்டுமா?