மறு: டிஸ்டோனியாவுக்கு ‘முறுக்கசைவு’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

> பரம்பரைத் தள்ளாட்ட நோய்கள் பற்றிய துண்டுப்பிரசுரத்தில், தசைகள் தாமாகச் சுருங்கி உடலை முறுக்கும் டிஸ்டோனியாவை ‘முறுக்கசைவு’ எனலாம். நடுக்கம், கொரியா (உறுப்புகள் தாமாகத் துள்ளுதல்) போல அதுவும் அசைவுதானே.

‘முறுக்கு’ சரி, ‘அசைவு’தான் இடிக்கிறது. பரம்பரைத் தள்ளாட்ட நோய்களில் ஒரு வகையான எஸ்.சி.ஏ. 3 எனும் மச்சாடோ-ஜோசப் நோயில் கழுத்து ஒரு பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிடலாம். பார்ப்பவருக்கு அங்கே அசைவே தெரியாது. 2013இல் ஏற்கப்பட்ட வரையறையும் தசைகள் நீடித்தோ விட்டுவிட்டோ சுருங்குவதால் வரும் அசைவு, உடல் திரும்பி நிற்கும் நிலை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

‘இழுப்பு’ வேண்டவே வேண்டாம். மூதூரிலோ கிண்ணியாவிலோ அதைச் சொன்னால் மூச்சிழுப்புக்குத்தான் மருந்து கேட்பார்கள். ‘வாதம்’ சேர்த்தால் பாரிசவாதம் ஆகிவிடும்.

எனது முன்மொழிவு: தசைமுறுக்கம்.

— உப்புவெளி

டொக்டர்,

‘முறுக்குநிலை’ என்று எழுத நினைத்தேன். ஆனால் நமது பத்திரிகைகளின் ‘முறுகல் நிலை’ காதில் விழுகிறது; எல்லைத் தகராறு போல! தசைமுறுக்கத்தை ஏற்கிறேன். ஒரு சந்தேகம்: இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதையும் சனம் இப்படிச் சொல்லாதா?

— திருகோணமலை நகர்

ஐயா,

அது ‘பிடிப்பு’. வலியோடு வந்து சில நிமிடத்தில் விட்டுவிடும். தசைமுறுக்கம் பெரும்பாலும் ஒரே பாங்கில் திரும்பத் திரும்ப வரும். எழுதுவது, நடப்பது போன்ற செயலில் கூடும், தூக்கத்தில் தணியும். நாடியை (மோவாயை) விரலால் மெல்லத் தொட்டால் திரும்பிய கழுத்து சிலருக்கு நேராகும். பிரசுரத்தில் வரைவிலக்கணத்தை விட இந்த அடையாளங்களே பயன்படும்.

மற்றவற்றையும் பிரித்துக் காட்டவேண்டும். விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் இலக்கு நெருங்க நெருங்கக் கை கூடுதலாக ஆடுவது மூளி (சிறுமூளை) பழுதின் நடுக்கம். கொரியா ஒழுங்கில்லாமல் உறுப்புக்கு உறுப்பு தாவும். நீட்டிய நாக்கை நிலையாக வைத்திருக்க முடியாது. எஸ்.சி.ஏ. 17 எனும் வகையில் இது முன்னுக்கு நிற்பதால், கொரியாவுக்குப் பேர்போன ஹன்டிங்டன் நோய் என்றே எண்ணத் தோன்றும். மின்னல்போல் ஒரு கணம் வெட்டினால் மயோகுளோனஸ். அதற்கு ‘தசைவெட்டு’ போதும். கொரியாவுக்கு இப்போதைக்குக் கொரியாவே இருக்கட்டும், அவசரச் சொல் வேண்டாம்.

இந்தப் பிரிப்பு சொல் அழகுக்காக இல்லை. அட்டாக்சியா-டெலன்ஜியெக்டேசியா எனும் பரம்பரைத் தள்ளாட்ட நோயில் தள்ளாட்டம் குறைவாகவும் தசைமுறுக்கம் தூக்கலாகவும் இருக்கலாம். அதைத் தவறவிட்டால், கதிர்வீச்சைத் தாங்காத உடலுக்குத் தேவையற்ற எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுக்கப்படும்; இந்த நோயில் கூடியிருக்கும் ஆல்பா-பீட்டோபுரதம் எனும் புரதத்தைக் குருதியில் பார்ப்பது முதல் படி.

— உப்புவெளி

டொக்டர்,

அப்படியானால் தலையாட்டம் எங்கே போகும்? அதையும் தசைமுறுக்கத்துக்குள் அடக்கலாமா?

— திருகோணமலை நகர்

ஐயா,

அடக்கக்கூடாது. முறுக்கத்தால் வரும் தலைநடுக்கம் ஒழுங்கற்றது. தலையை ஒரு பக்கம் வைத்தால் அடங்கவும் கூடும். மூளி பழுதில் தலை தாளகதியில் ஆடும். உயிர்ச்சத்து ஈ குறைவால் வரும் பரம்பரைத் தள்ளாட்டத்தில் தலையாட்டம் அடிக்கடி காணப்படும். அந்த நோயை வேளைக்கே பிடித்து உயிர்ச்சத்தை உயர் அளவில் கொடுத்தால் மோசமாவதைத் தடுக்கலாம். ஆகவே ‘தலையாட்டம்’ தனிச் சொல்லாகவே நிற்கட்டும், பக்கத்தில் ‘குருதியில் உயிர்ச்சத்து ஈ பார்க்கவும்’ என்ற வரியோடு.

— உப்புவெளி