நியூரோசயின்ஸ்: எம்.எஸ்சி. படிப்பதா, நேராக பி.எச்டி.யா?

வைகைக்கரை: பி.டெக். பயோடெக் கடைசி வருடம் படிக்கிறேன். மூளை ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ் சேரலாமா? "அதைப் படித்தால் என்ன வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

குறிஞ்சிநிலம்: வேண்டாம் என்பேன். அயனி வாய்க்கால் (நரம்புச் செல்லின் சவ்வில் அயனிகள் போய்வரும் வழி), சினாப்ஸ் (நரம்புச் செல்கள் இணையும் இடம்), நடத்தை, மூளையைப் படமெடுக்கும் இமேஜிங் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, எதிலும் ஆழமில்லாமல் வெளியே வருவீர்கள். 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் ஊசிக் கணவாயின் பெரிய ஆக்ஸானை (நரம்புச் செல்லின் நீண்ட இழையை) வைத்து நரம்புத் துடிப்பை விளக்கியது வகைக்கெழுச் சமன்பாடுகளால்தான். 2024-இல் வந்த பழ ஈ மூளையின் முழு வரைபடத்தில் ஏறத்தாழ 1,40,000 நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். கணக்கும் புரோகிராமிங்கும் தெரியாமல் அந்தத் தரவை என்ன செய்வீர்கள்? அதோடு நீங்கள் பி.டெக். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் நேராக பி.எச்டி.க்கே விண்ணப்பிக்கலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டுக் கேள்விக்கும் அதுவே பதில்.

தெற்குவாசல்: ஆழமில்லை என்பதை ஏற்க மாட்டேன். ஜெர்மனியில் டூபிங்கனைப் பாருங்கள்: செல்-மூலக்கூறு, நடத்தை, கணக்கீடு என்று மூன்று தனித்தனி மாஸ்டர்ஸ். நீங்கள் சொல்லும் கணக்குக்கென்றே ஒரு பட்டம் இருக்கிறது. கோட்டிங்கனில் முதல் வருடம் முழுக்கப் பாடமும் செய்முறையும். ஒரே ஆய்வகத்தில் உட்காராமல் பல ஆய்வகங்களில் மாறி மாறி வேலை. நன்றாகச் செய்பவர்கள் மாஸ்டர்ஸ் ஆய்வேடு எழுதாமலே பி.எச்டி.க்குப் போகலாம். ஒற்றை அயனி வாய்க்காலின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையை எர்வின் நேயர், பெர்ட் சாக்மான் என்ற விஞ்ஞானிகள் உருவாக்கியது அந்த ஊரில்தான். 1991-இல் நோபல் வாங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கைப்பழக்கம் வருவது சாதாரண விஷயமா?

குறிஞ்சிநிலம்: சரி, பணம்? டூபிங்கன் இருக்கும் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். எத்தனை வீட்டில் முடியும்?

மலைக்கோட்டை: பணத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். பி.எச்டி. ஐந்தாறு வருடம். எலி மூளையை வெட்டி, துண்டு உயிரோடு இருக்கும் சில மணி நேரத்துக்குள் அதன் மின் துடிப்புகளைப் பதிவெடுக்கும் வேலை தனக்கு ஒத்துவருமா என்று 21 வயதில் யாருக்குத் தெரியும்? பாதியில் விட்டால் பெரும்பாலும் வெறுங்கை. எம்.எஸ்சி. முடித்து விலகினால் ஒரு பட்டமாவது மிஞ்சும். நான் அந்தப் பட்டத்தின் பக்கம்தான்.

குறிஞ்சிநிலம்: ஒத்துவருமா என்று பார்க்க இரண்டு வருடம் எதற்கு? இந்திய அறிவியல் அகாடமிகள் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருந்தாலே தெரிந்துவிடும்.

தெற்குவாசல்: இரண்டு மாதத்தில் கருவியைப் பழகவே நேரம் போதாது. வைகைக்கரை, எங்கே சேர்ந்தாலும் ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் ஒதுக்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவென்றால் அங்கே சேராதீர்கள். அந்த அளவில் குறிஞ்சிநிலம் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வைகைக்கரை: கோடை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். எலி ஆய்வகம் கேட்பதா, கணக்கீட்டு ஆய்வகமா?

மலைக்கோட்டை: எலி. புரோகிராமிங்கை வீட்டிலிருந்தே கற்கலாம் அம்மா.