போர் நடக்கிற ஊருக்கு பால்பவுடர் டின் அனுப்பலாமா?

குளச்சல்காரி:
எங்க ஊரு இளைஞர் மன்றத்துல, போர் நடக்கிற நாட்டுப் பிள்ளைகளுக்கு பால்பவுடர் டின் சேக்கணும்னு பேச்சு ஓடுது. புதன்கிழமை பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) பிள்ளைக்கு ஊசி போட போனப்ப நர்சக்காட்ட சும்மா சொன்னேன், "டின்ன குடுத்து பிள்ளைய கெடுக்காதீங்க"ன்னு ஒரே பேச்சுல முடிச்சிட்டாவ, கூட்டம் வேற, மேல கேக்க முடியல. இங்க நமக்கு கர்ப்பத்த பதிஞ்சு குடுக்கிற பிக்மி நம்பர், செவ்வாய்க்கிழமை செக்கப், புதன்கிழமை ஊசின்னு எல்லாம் நடக்குது, குண்டு விழுற ஊர்ல இதெல்லாம் யாரு பாக்கிறாவ? டின் அனுப்புறது தப்பா?

தக்கலை அண்ணாச்சி:
நர்சு சொன்னது சரிதான் மக்கா. பவுடர் கலக்க நல்ல தண்ணி வேணும், கொதிக்க வைக்க விறகோ கேஸோ வேணும், பாட்டில் கழுவணும், போர் வந்தா மொதல்ல இல்லாம போறதே இதுதான். அழுக்குத் தண்ணில கலக்கிக் குடுத்தா வயித்தால போகும், பச்சப்பிள்ள தாங்காது. புட்டிப்பால் பழகினா தாய்ப்பாலும் குறையும், டின் தீந்த அன்னைக்கு ரெண்டும் இல்ல. உலக சுகாதார நிறுவனமே இந்த மாதிரி நேரத்துல பால்பவுடர் நன்கொடை வேண்டாம்னுதான் சொல்லுது. தாய் இல்லாத பிள்ளைக்கு வேணும்தான், அத அங்க உள்ள நர்சு பாத்து குடுக்கணும், லாரில நின்னு வீசக்கூடாது.

வடசேரி வாசகன்:
ஒரேயடியா அப்படி சொல்லாதீங்க அண்ணாச்சி. ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் பால் குடுத்துதானே காப்பாத்துச்சு? 1940ல இருந்து கர்ப்பிணிக்கும் அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கும் தினம் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல, மலிவு விலைல, இல்லாதவங்களுக்கு இலவசம், பொறவு மீன் எண்ணெய், ஆரஞ்சு ஜூஸ் எல்லாம். இங்கிலாந்து, வேல்ஸ்ல ஆயிரம் பிறப்புக்கு சிசு மரணம் 1941ல 60, 1945ல 46.

தக்கலை அண்ணாச்சி:
அது பெரும்பாலும் தினம் வாசல்ல வந்த பசும்பால்வே, தாய்க்கும் சேத்து குடுத்தது. கவுன்சில் நடத்துற தாய்சேய் கிளினிக்குக்கு 1918லயே சட்டம் வந்தாச்சு, வீடு வீடா போற ஹெல்த் விசிட்டர் உண்டு, கிருமிய அடக்குற சல்பா மாத்திரையும் வந்திருந்துச்சு, பால் மட்டும் சாதிச்சதுன்னு சொல்லாதேயும். அதே சமயம் நம்ம பக்கம் திருவிதாங்கூர், 1942ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்கு போனதும் பர்மா அரிசி நின்னுபோச்சு, வயித்துப்பிள்ளக்காரிக்கும் மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு), அதுல புரதம் ஏது?

வன்னிப்பிள்ளை:
நான் இங்க அகதி முகாமில இருக்கிறன், அம்மா கிளிநொச்சிப் பக்கம். 90களில எங்களுக்குப் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய், பற்றரி, சவுக்காரம் (சோப்பு) ஒண்டும் ஒழுங்கா வராது, கரண்டும் இல்ல, ஆனா கிளினிக் நடந்தது. இயக்கம் (புலிகள்) இருந்த இடத்திலயும் டாக்டர், மிட்வைஃப் சம்பளம் கொழும்பு அரசாங்கம்தான் குடுத்தது, இங்க கன பேருக்கு இது தெரியாது. குடும்பநல மாது, அந்த மிட்வைஃப்தான், சைக்கிளில வருவா, எந்த வீட்டில ஆருக்கு எத்தின மாசம் எண்டு கொப்பியில இருக்கும், சனம் இடம்பெயர்ந்தா அவவும் சேந்துதான் இடம்பெயர்வா, போற இடத்தில மரத்தில தராசைக் கட்டி பிள்ளையள நிறுப்பா. அக்காட ஊசி அட்டையை அம்மா பொலித்தீனில சுத்தி காணி உறுதியோட (நிலப் பத்திரம்) வச்சிருந்தவா, எது போட்டது எது விட்டது எண்டு அதைப் பாத்துத்தான் அடுத்த இடத்தில தொடருவினம். போலியோ சொட்டு மருந்துக்கெண்டு ரெண்டு பக்கமும் அடிபாட்டை நிப்பாட்டின நாளும் இருந்தது.

வடசேரி வாசகன்:
மத்திய அமெரிக்கால உள்ள எல் சால்வடோர்லயும் 1985ல தடுப்பூசிக்காக சண்டைய நிறுத்தியிருக்காங்க. சரி, டின் விஷயத்துல ஒத்துக்கிடுதேன்.

குளச்சல்காரி:
ரொம்ப நன்றி. ஆனா மன்றத்துல ஏற்கெனவே ஒரு பெட்டி வாங்கிட்டாவளே, என்ன செய்ய?

தக்கலை அண்ணாச்சி:
பில்லு இருந்தா கடைல திருப்பிக் குடுங்க. அந்தக் காச யூனிசெஃப் மாதிரி அங்க ஆள் வச்சு நடத்துறவங்களுக்கு அனுப்புங்க, இந்தியாவுலயே அவங்களுக்கு ஆபீஸ் உண்டு.